பள்ளிக்கூடத்து நர்ஸ்: செலவா, வரவா?

ஆஸ்துமா என்கிற இழுப்பு நோய் நேரம் காலம் பார்த்து வருவதில்லை. ராத்திரி வந்தால் பக்கத்தில் தாய் தகப்பன் இருக்கிறார்கள். பகலில், கணக்குப் பாடம் நடக்கும்போது வந்தால்? வாத்தியார் என்ன செய்வார், பாவம்!

அமெரிக்காவில் பள்ளிக்கூடத்துக்கு நர்ஸ் வைக்கும் வழக்கம் நேற்று வந்தது அல்ல. 1902-ல் நியூயார்க்கில் லீனா ரோஜர்ஸ் என்ற நர்ஸ் 4 பள்ளிக்கூடங்களுக்குப் போய்வந்தார். சொறி, பேன், கண்நோய் என்று வீட்டுக்கு விரட்டப்பட்ட பிள்ளைகளுக்கு மருந்து போட்டு வகுப்பில் உட்கார வைத்தார். பலன் தெரிந்ததும் மேலும் பல நர்சுகளை வேலைக்கு எடுத்தார்கள்.

இப்போது அங்கே பெரிய தலைவலி ஆஸ்துமா. இதற்கு இரண்டு விதமான இன்ஹேலர் உண்டு. ஒன்று, மூச்சு திணறும்போது உறிஞ்சுவது. மற்றது, திணறல் வராமல் தடுக்கத் தினமும் உறிஞ்ச வேண்டியது. இந்த இரண்டாவதுதான் தவறிப்போகும். "பையன் நல்லாத்தானே ஓடியாடுறான், மருந்து எதுக்கு?" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். வேலைக்கு ஓடும் அவசரத்தில் மறப்பதும் உண்டு.

நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் 2006 முதல் 2009 வரை 530 பிள்ளைகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட நாட்களில் நர்சே தடுப்பு மருந்தைக் கொடுத்தார். தொல்லை இல்லாத நாட்கள் கூடின. ஆப்சென்ட் குறைந்தது.

சரி, சம்பளம் யார் கொடுப்பது?

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2009-10 கல்வி ஆண்டுக்குக் கணக்குப் போட்டார்கள். ஆஸ்துமா மட்டும் அல்ல, பள்ளி நர்சுகளின் மொத்த வேலைக்கும். செலவு 7 கோடியே 90 லட்சம் டாலர். மிச்சமான மருத்துவச் செலவு 2 கோடி டாலர்தான்.

அட, நஷ்டம்தானே! பொறுங்கள். பெற்றோர் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவராததால் மிச்சம் 2 கோடியே 81 லட்சம். வாத்தியாரின் பாட நேரம் வீணாகாததால் மிச்சம் 12 கோடியே 91 லட்சம். ஆக, ஒரு டாலர் முதல் போட்டால் 2 டாலர் 20 சென்ட் வரவு. எந்தக் கடைக்காரருக்குக் கசக்கும்?

வில்லங்கம் வேறு இடத்தில் இருக்கிறது. முதல் போடுவது ஒருவர் கல்லாவிலிருந்து. லாபம் விழுவது வேறு பலர் பையில்! சம்பளம் கொடுக்கும் கல்வி நிர்வாகத்தின் பேரேட்டில் அந்த வரவு ஏறாது. அதனால், பணமுடை வந்தால் முதலில் நர்ஸ் தலையில்தான் கை வைக்கிறார்கள்.

பிலடெல்பியா நகரில் அப்படித்தான் நர்சுகளைக் குறைத்தார்கள். 2013 செப்டம்பரில், நர்ஸ் பணியில் இல்லாத ஒரு நாள், பள்ளிக்கூடத்தில் ஒரு சிறுமிக்கு மூச்சு முட்டியது. வீட்டுக்குப் போன பிள்ளை அன்றே இறந்துபோனாள். ஊரே கொதித்தது.

ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் முழுநேர நர்ஸ் இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016-ல் சொன்னது. பிள்ளைகள் தங்கள் இன்ஹேலரைப் பையில் வைத்துக்கொள்ள எல்லா மாநிலங்களிலும் சட்டம் இடம் தருகிறது. பையில் இருக்கிறது, சரி. அதைச் சரியாக உறிஞ்சுகிறதா என்று ஏழு வயசுப் பிள்ளையின் பக்கத்தில் நின்று பார்க்க ஆள் வேண்டாமா?