படிக்காமல் போடும் மேற்கோள்

லிட்டரேச்சர் ரிவ்யூன்னா முப்பது பேப்பரின் பெயரை அடுக்குவது என்றுதான் கல்லூரியில் பழகினேன். படிச்சியான்னு யாரும் கேட்கவில்லை.

1980இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம்: மருத்துவமனையில் அபின் வகை வலிநிவாரணி பெற்ற 11,882 பேரில் நால்வரே அதற்கு அடிமையானார்கள். வீட்டில் மாதக்கணக்கில் விழுங்குபவர்களைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. 2017இல் எண்ணிப் பார்த்தார்கள்: 608 கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருந்தன. அவற்றில் பத்துக்கு எட்டு, ‘மருத்துவமனையில்’ என்பதையே விட்டுவிட்டன. அடிமையாக மாட்டார்கள் என்று நம்பி எழுதிக்கொடுத்த மாத்திரைகளால் அமெரிக்காவில் எத்தனை வீட்டில் சாவு விழுந்தது!

யாரை அளந்தார்கள், எங்கே, எத்தனை நாள்? மூலத்தைத் திறந்து இதைக் கேட்பதுதான் ரிவ்யூ. மற்றதெல்லாம் வதந்திக்கு அடிக்குறிப்பு.