முதல்ல ரோடு, அப்புறம்தான் விளையாட்டா?

கிராம சபையில் யாராவது எழுந்து, பிள்ளைகள் விளையாட ஓர் இடம் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் தயாராக இருக்கும். "முதல்ல ரோடு வரட்டும், தண்ணி வரட்டும், ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வரட்டும். விளையாட்டெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." சொல்பவர் கெட்டவரல்லர், ஊருக்கு நல்லது நினைப்பவர்தான். கேட்டவரும் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதுபோல உட்கார்ந்துவிடுவார். போடி மலையடிவாரத்தில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க எல்லாக் கட்சிக்காரர்களும் சண்டையில்லாமல் ஒத்துப்போகும் கருத்து இது. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

அந்த 'அப்புறம்' எப்போது வரும்? மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயில் 2010 முடிவோடு நின்றது. அகலப்பாதை போட்டு ரயில் மறுபடி போடிக்கு வந்தது 2023 ஜூனில். ரயில் நின்ற கையோடு பிறந்த பிள்ளைக்கு, அது திரும்பி வரும்போது பன்னிரண்டு வயது. பாண்டி ஆடும் வயது முடிந்தே போயிற்று. மூணாறு–போடிமெட்டு 42 கி.மீ. சாலையும் அகலமாகி 2024-இல் திறந்தாயிற்று. ரயில் வந்தது, ரோடு வந்தது. அடுத்த முறை விளையாட்டுக்கா? இல்லை. அதற்குள் வேறு பத்துக் கோரிக்கைகள் முன்னால் வந்து நின்றுகொண்டன. ஊரின் தேவைப் பட்டியல் ஒருநாளும் தீராது. ரோட்டைப் பத்து வருடம் கழித்தும் போடலாம். எட்டு வயதைப் பத்து வருடம் கழித்து யாராலும் திருப்பித் தர முடியாது.

வயிறு நிறைந்த நாடுகள்தான் விளையாட்டைப் பற்றி யோசிக்கும் என்பது இந்த நம்பிக்கையின் இன்னொரு கால். வரலாறு வேறு கதை சொல்கிறது. டென்மார்க் ஜெர்மானியரின் பிடியில் இருந்த 1943-இல், கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் சோரன்சன் என்ற நிலவடிவமைப்பாளரின் யோசனைப்படி, பழைய பலகைகளையும் உடைசல் சாமான்களையும் கொடுத்துப் பிள்ளைகளையே கட்டிக்கொள்ளச் சொன்ன திடல் திறந்தது. ஆம்ஸ்டர்டாமில் 1944–45 குளிர்காலத்தில் மக்கள் பட்டினியால் செத்தார்கள். அடுத்த இரண்டே வருடத்தில், 1947-இல், அந்த நகராட்சியில் வேலை பார்த்த ஆல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக்கலைஞர் தன் முதல் விளையாட்டிடத்தை அமைத்தார். ஒரு மணல்குழி, தாவுவதற்குச் சில கற்கள், தொங்குவதற்கு இரும்புக் கம்பிகள். வீடுகளுக்கே பெரும் தட்டுப்பாடு இருந்த காலம் அது. காலி மனை, தெருமுக்கு, இரண்டு வீட்டுக்கு இடைப்பட்ட சந்து என்று கிடைத்த இடத்தில் எல்லாம் போட்டுப் போட்டு, 1978-க்குள் 700-ஐத் தாண்டிவிட்டார். எல்லா வீட்டையும் கட்டி முடித்துவிட்டு வருகிறோம் என்று அந்த நகராட்சி சொல்லவில்லை.

"நம்ம பிள்ளைகளுக்கு மலையே திடல்தானே?" என்பார்கள். காரில் போடிமெட்டு ஏறி, பதினேழு கொண்டை ஊசி வளைவையும் எண்ணிவிட்டு, மேகத்தோடு படம் எடுத்துக்கொண்டு இறங்குபவர் அப்படிச் சொல்லலாம். மேலே போனால் ஏலத்தோட்டம் இன்னொருவர் சொத்து. அங்கே அடிக்கடி மருந்தடிப்பு. அதைத் தாண்டினால் வனத்துறை. காட்டுக்குள் யானை. சின்னக்கானலில் பிடித்த அரிக்கொம்பன் என்ற யானை 2023-இல் கம்பம் தெருவரைக்கும் வந்து போனது. மிச்சம் இருப்பது ரோடு. அதில் எஸ்டேட் ஜீப் வருகிற வேகம் இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். மலை கண்ணுக்குத்தான் திறந்து கிடக்கிறது. பிள்ளையின் காலுக்கு அது பூட்டிய வீடு.

விடிவதற்குள் ஜீப் ஏறி, மலையடிவார முந்தல் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலக்காயெடுக்கப் போகும் பெண்களின் வீட்டை நினைத்துப் பாருங்கள். பள்ளி விட்ட நேரத்துக்கும் ஜீப் திரும்பும் நேரத்துக்கும் நடுவே அந்தப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? வேலை கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில் என்பதால் இந்த இடைவெளி எந்த அரசாங்கத்தின் கோப்பிலும் இல்லை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளருக்குப் பொழுதுபோக்கு வசதி செய்து தரும்படி முதலாளிகளைக் கட்டாயப்படுத்த மாநில அரசுகள் விதி வகுக்கலாம் என்றது. அந்த வசதி யாருக்கு என்று அது சொன்னது கவனிக்க வேண்டியது: தோட்டத்தில் வேலை பார்க்கும் தொழிலாளருக்கும், வேலை பார்க்கும் சிறுவருக்கும். வேலைக்குப் போகாத, வெறுமனே பிள்ளையாக இருக்கும் பிள்ளை அந்த வரியில் இருக்கவில்லை. பிள்ளையின் விளையாட்டை உரிமை என்றே சொன்ன ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவை 1992-இல் இந்தியா ஏற்றுக்கொண்டது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டிடம் வேண்டும் என்று அட்டவணையிலேயே போட்டிருக்கிறது. நாம் 'அப்புறம்' என்று ஒத்திப்போடுவது சலுகை இல்லை. சட்டப்படி கொடுக்க வேண்டிய பாக்கி.

"அதான் பூங்கா கட்டினாங்களே!" என்பார்கள். கட்டினார்கள். 2016-இல் அறிவித்த அம்மா பூங்கா திட்டம் 500 ஊராட்சிகளுக்கு. பலவற்றில் பூட்டுத் தொங்குவதையும் புதர் மண்டியதையும் நாளிதழ்கள் படத்தோடு போட்டன. காரணம் பராமரிப்பு மட்டுமல்ல. ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் கிடந்த புறம்போக்கைச் சமப்படுத்தி, வேலி போட்டு, கேட்டலாக்கில் பார்த்து ஊஞ்சலும் சறுக்கும் வாங்கி வைத்தால் அது விளையாட்டிடம் ஆகிவிடும் என்று நினைப்பதுதான் காரணம். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்ப எந்தத் தாயும் துணியமாட்டாள். பிள்ளை வராத இடத்துக்குச் சாயங்காலம் பாட்டில் வந்து சேரும்.

நம் ஊர்க்காரர்கள் இதை ஒரு காலத்தில் சரியாகச் செய்திருந்தார்கள். தேனி, மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் மந்தை என்னும் பொதுத்திடல் ஊருக்கு நடுவில் இருக்கிறது. பஞ்சாயத்து, கபடி, கூத்து, பொங்கல், கதிரடிப்பு எல்லாவற்றுக்கும் அதே மண். சாவடித் திண்ணையில் பெரியவர்கள் கதை பேசிக்கொண்டே பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டார்கள். பழைய கோயில் மண்டபங்களின் தரையைக் குனிந்து பாருங்கள். பலவற்றில் ஆடுபுலி ஆட்டத்துக்கான கட்டம் கல்லிலேயே வெட்டியிருக்கும். மண்டபம் முடிந்த பிறகு விளையாட்டுக்கு என்று தனி நிதி ஒதுக்கி வெட்டியது அல்ல அது. காத்திருந்த யாரோ உளியெடுத்த நேரத்தில் வெட்டியதாக இருக்கும்.

கட்டடக்கலை மாணவர்கள் இங்கேதான் தேவைப்படுகிறார்கள். கரக்பூர் ஐஐடியில் கட்டடக்கலை படித்த பூஜா ராய், ஆதரவற்ற பிள்ளைகள் இருந்த ஓர் இல்லத்தில், விளையாட ஒன்றுமில்லாமல் உடைந்த குழாயையும் செருப்பையும் வைத்து அவர்கள் விளையாடுவதைப் பார்த்தார். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு பழைய டயர்களால் ஒரு திடல் அமைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் பெங்களூரின் ஆன்ட்ஹில் கிரியேஷன்ஸ் அமைப்பு. இன்று பல மாநிலங்களில் திடல் அமைக்கிறது. ஐந்து வருடப் படிப்பின் கடைசியில் விமான நிலையமும் அருங்காட்சியகமும் வரைவதுதான் பெரிய வேலை என்று நம்பும் மாணவருக்கு இது சின்ன வேலையாகத் தெரியும். மலைச்சரிவில் ஒருமுறை முயன்று பார்க்கட்டும், எவ்வளவு கடினம் என்று தெரியும்.

சரிவில் சமதளம் தேடினால் மண்ணை வெட்ட வேண்டும். வெட்டினால் மழையில் சரியும். சரிவையே பயன்படுத்தினால் சறுக்குக்கு ஏணி வேண்டாம். தரையோடு பதித்துவிட்டால் மேலிருந்து விழும் பயமும் இல்லை. தென்னை மட்டையில் உட்கார்ந்து சறுக்கும் பிள்ளைகளுக்கு இது ஏற்கெனவே தெரியும். வரைபடம் போடுபவர்தான் கற்றுக்கொள்ள வேண்டும். போடிமெட்டில் மூடுபனிக்கும் சாரலுக்கும் இரும்பு சீக்கிரம் துருவேறும். அங்கே ஊஞ்சல் வைப்பதற்கு முன்னால் கூரை வேண்டும். டயர் வைத்தால் அடியில் ஓட்டை போட வேண்டும். இல்லாவிட்டால் தேங்கும் தண்ணீரில் கொசு. ரேஷன் கடை வாசலில் சிமெண்ட் பெஞ்சு போடும்போதே ஆடுபுலிக் கட்டத்தை அதில் கீறிவிடலாம். பள்ளிக்குத் தடுப்புச்சுவர் எழுப்பும்போது, அதையே ஏறி உட்காரும் படிகளாகக் கட்டலாம். டீக்கடைக்காரர் கண்ணில் படும் இடமாகப் பார்த்துச் செய்தால் காவலுக்குத் தனி ஆள் வேண்டாம். ஜீப்புக்குக் காத்திருக்கும் பெண்களும் அங்கே கால் நீட்டி உட்காரலாம்.

விழுந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு ஒரு பதில்தான். இன்று ரோட்டில் அடிபட்டால் யார் பொறுப்போ, அவரைவிடக் கூடுதலாக யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. முழங்கால் சிராய்ப்புக்கு மஞ்சள் போதும்.

ஆக, ரோடா விளையாட்டா என்ற கேள்வியே பொய்க் கேள்வி. ரோடு, சுவர், படி, நிழற்குடை என்று ஊரில் ஏதோ ஒன்றை ஒவ்வொரு வருடமும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தந்த வேலைக்குள்ளேயே விளையாட்டு இருந்திருக்க வேண்டும். வரைந்தவரும் டெண்டர் விட்டவரும் விட்டுவிட்டார்கள். மதுரையில் கட்டடக்கலை கற்பிக்கும் கல்லூரிகள் ஒரு பருவத்துக்கு மாணவர்களை முந்தலுக்கும் போடிமெட்டுக்கும் அனுப்பட்டும். நகராட்சியும் ஊராட்சியும் அவர்கள் வரைவதைச் சுவரில் மாட்டாமல் மதிப்பீட்டில் சேர்க்கட்டும். அடுத்த கிராம சபையில் எந்தக் கட்டுமானத் தீர்மானம் வந்தாலும், இதில் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்று கேளுங்கள். "அப்புறம்" என்று பதில் வந்தால், தேதியைத் தீர்மானத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.