பள்ளி வாசலிலேயே முடிந்துவிடும் தேசிய அணித் தேர்வு

மலையகத் தமிழரைப் பற்றிப் பேசும் நம் ஆய்வு வட்டங்களில் அடிக்கடி காதில் விழும் கருத்து ஒன்று உண்டு. “ரக்பி கொழும்பு மேட்டுக்குடிச் சிங்களவரின் விளையாட்டு, தமிழ்ப் பையன்களுக்கு அதில் நாட்டமும் இல்லை, அதற்கான உடற்கட்டும் இல்லை.” சொல்பவர்கள் பெரும்பாலும் தமிழறிஞர்கள், நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இக்கருத்து ஒரு விலக்கலை விருப்பமாக மாற்றிக் காட்டுகிறது. கதவு சாத்தப்பட்டிருந்தது என்று சொல்ல வேண்டிய இடத்தில், அவர்கள் உள்ளே வர விரும்பவில்லை என்கிறது. அதனால்தான் இதை விரிவாக மறுக்க வேண்டியுள்ளது.

திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு இலங்கைப் பள்ளி ரக்பியைப் பற்றி ஏன் எழுத வேண்டும் எனச் சிலர் கேட்கலாம். கொல்லம் மாவட்டத்தின் குளத்தூப்புழை, ஆயிரநல்லூர் ரப்பர்த் தோட்டங்களில் வாழும் தாயகம் திரும்பியோரின் பேச்சுத்தமிழே என் ஆய்வுப்பொருள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி அனுப்பப்பட்ட குடும்பங்களுக்கு வேலை தருவதற்காக, புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1976இல் தொடங்கப்பட்ட மறுவாழ்வுத் தோட்ட நிறுவனத்துக்கு உரியவை அத்தோட்டங்கள். அக்குடும்பங்களின் பெரியப்பாக்களும் சித்தப்பாக்களும் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு எந்தப் பாதை திறந்திருக்கிறது என்ற கேள்வி எனக்கு அயல்நாட்டுக் கேள்வி அன்று.

முதலில், பாதை எப்படி அமைந்துள்ளது என்று பார்ப்போம். இலங்கையில் ரக்பி 1879இல் கொழும்பில் ஆங்கிலேயரின் கழக விளையாட்டாகத் தொடங்கிற்று. 1891இல் கண்டியில் கிங்ஸ்வூட் கல்லூரியை நிறுவிய எல்.ஈ. பிளேஸ் அதைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார். 1906இல் கிங்ஸ்வூட்டும் டிரினிட்டியும் மோதியதே பள்ளிகளுக்கிடையிலான முதல் ஆட்டம். 1945 முதல் கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டி கல்லூரியும் பிராட்பி கேடயத்துக்காக ஆண்டுதோறும் இரண்டு ஆட்டங்கள் ஆடி வருகின்றன. அந்த ஆட்டத்துக்குத் திரளும் கூட்டத்தைப் பல கழக ஆட்டங்கள் கண்டதே இல்லை. ஒரு பையன் பள்ளியின் முதல் பதினைவர் அணியில் இடம்பெற வேண்டும். பள்ளிகள் லீக்கில் கண்ணில் பட வேண்டும். பிறகு 19 வயதுக்குட்பட்டோர் தேசிய அணி, பிறகு கழகம், பிறகு இலங்கை அணி. இந்த ஏணியின் முதற்படி பள்ளி அணி. பள்ளிக்கு வெளியே வேறு படி ஏறக்குறைய இல்லை.

அப்படியானால் அந்தப் பள்ளிகளில் யார் சேர்கிறார்கள்? அரசுப் பாடசாலைகளில் முதலாம் வகுப்புச் சேர்க்கைக்கு வீட்டின் தொலைவும், பெற்றோர் அப்பள்ளியின் பழைய மாணவரா என்பதும், உடன்பிறந்தோர் அங்கே பயில்கிறார்களா என்பதும் பார்க்கப்படுகின்றன. தப்பினால் அடுத்த வாய்ப்பு ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் தேர்வு. ஆக, தேசிய அணிக்கான முதல் தேர்வு ஐந்து வயதில் நடக்கிறது, இரண்டாவது பத்து வயதில் நடக்கிறது. இரண்டிலும் பந்து என்ற ஒன்று கண்ணில் படுவதே இல்லை. பதினெட்டு வயதில் தேர்வாளர்கள் திடலோரம் நின்று திறமையைத் தேடும்போது, நாட்டின் பெரும்பான்மைச் சிறுவர்கள் எப்போதோ நீக்கப்பட்டுவிட்டார்கள்.

இது சிங்கள மேட்டுக்குடியின் விளையாட்டு என்ற கூற்றை எடுத்துக்கொள்வோம். கொழும்பு ஹெவ்லொக் பகுதியின் இசிப்பத்தான கல்லூரி 1952இல் தொடங்கப்பட்ட அரசுப் பள்ளி. கோட்டு அணிந்த பழைய மாணவர் மரபு ஏதும் இல்லாத அப்பள்ளி, பிற்காலத்தில் பள்ளி ரக்பியின் வல்லரசுகளுள் ஒன்றாயிற்று. மருதானை ஸாஹிரா கல்லூரியின் முஸ்லிம் மாணவர்கள் பெரும்பாலும் தமிழ்வழி பயில்பவர்கள். முதல்வரிசை ரக்பிப் பள்ளிகளில் அதுவும் ஒன்று. ராயல் கல்லூரியில் பயின்ற தமிழரான சும்மா நவரத்தினம் புகழ்பெற்ற விரைவோட்டக்காரர். ரக்பியிலும் இலங்கைக்காக ஆடியவர். பள்ளி வாசலைக் கடந்த தமிழர் ஆடியிருக்கிறார்கள். கடக்க முடியாதவர்களைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

மொழியியல் மாணவர்களுக்குப் பழக்கமான ஒரு முறையை இங்கே கையாளலாம். ‘பல்’, ‘பால்’ என்னும் இரு சொற்களை அருகருகே வைத்தால், மற்றவை ஒத்திருக்க எந்த ஒலி பொருளை மாற்றுகிறது என்பது தெரிந்துவிடும். அதுபோல் இசிப்பத்தானவையும் ஹட்டனையும் அருகருகே வையுங்கள். இசிப்பத்தானவுக்கு அருகில் ஹெவ்லொக் பூங்காவில் ரக்பித் திடல் இருந்தது. ஹட்டனுக்கு அருகிலும் திடல் இருந்தது: டாராவெலவில் டிக்கோயா மஸ்கெலியாக் கழகத்தின் திடல். நானுஓயாப் பக்கம் ரதெல்லவில் திம்புளைக் கழகத்தின் திடல். வெள்ளைக்காரத் துரைமார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமைத்த இக்கழகங்கள் நாட்டின் மிகப் பழைய ரக்பிக் கழகங்களைச் சேர்ந்தவை. அத்திடல்களைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் உழைத்தோர் தமிழர். லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் பந்து பறந்தது. ஓர் இடத்தில் திடலுக்குப் பக்கத்தில் வெற்றி அணி உருவாயிற்று. மற்றோர் இடத்தில் உருவாகவில்லை. வேறுபடுத்தியது எது?

விடை விளையாட்டுப் பக்கத்தில் இல்லை, சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. தோட்டப் பள்ளிகள் 1970களில் அரசு ஏற்கும்வரை தோட்ட நிர்வாகங்களின் கையில் இருந்தன. பெரும்பாலானவை தொடக்க வகுப்புகளோடு நின்றன. ரக்பிக்கு ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர் வேண்டும். அவர்கள் பதினாறு முதல் பத்தொன்பது வயது வரை பள்ளியில் இருந்தாக வேண்டும். ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக் கூடைக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் அனுப்பப்பட்ட சமூகத்தில் ‘முதல் பதினைவர் அணி’ என்ற ஒன்று எப்படி உருவாகும்? இன்றும் மலையகத் தமிழ்ப் பள்ளிகளில் பெரும்பாலானவை மாகாணப் பாடசாலைகள். பள்ளிகள் லீக்கின் முதற்பிரிவில் அவற்றில் ஒன்றையும் காண முடியாது.

உடற்கட்டு வாதம் இதைவிட நொய்ந்தது. சடுகுடு ஆடி வளர்ந்த ஒரு மொழிச் சமூகத்துக்கு மோதல் விளையாட்டு ஒவ்வாது என்பவர்கள் எந்த ஊரைப் பார்த்தார்களோ தெரியவில்லை. ஒடிசாவைப் பாருங்கள். புவனேசுவரத்தின் கலிங்க சமூக அறிவியல் நிறுவனத்தில் பயின்ற பழங்குடிச் சிறுவர்கள், பந்தைத் தொட்ட சில ஆண்டுகளிலேயே, 2007இல் லண்டனில் நடந்த 14 வயதுக்குட்பட்டோருக்கான பன்னாட்டு ரக்பிப் போட்டியில் கோப்பையை வென்றார்கள். பல தலைமுறைப் பட்டினியைச் சுமந்த உடல்கள்தாம் அவை. பள்ளி ஒன்று, பயிற்சியாளர் ஒருவர், வேளாவேளைக்கு உணவு: தேவைப்பட்டது இவ்வளவே.

“திறமையுள்ள பிள்ளைகளுக்குப் பெரிய பள்ளிகள் உதவித்தொகை கொடுத்து அழைத்துக்கொள்ளலாமே” என்பது அடுத்த வாதம். முத்தையா முரளிதரனைக் காட்டுவார்கள். அவருடைய தாத்தா தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர். ஆனால் முரளி பயின்றது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில்; அது கிரிக்கெட்டுக்கும் ரக்பிக்கும் பெயர்பெற்ற கண்டிப் பள்ளி. தந்தை பிஸ்கட் தொழில் நடத்தியதால் அந்த வாசல் திறந்தது. லயத்துப் பையனுக்குத் திறந்திருக்குமா? தென்னாப்பிரிக்காவிலும் இதே கதைதான். சியா கொலிசி ஸ்விடே என்னும் கறுப்பினக் குடியிருப்பில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் உதவித்தொகை பெற்று கிரே தொடக்கப்பள்ளியில் சேர்ந்து, பின்னர் கிரே உயர்நிலைப்பள்ளியில் பயின்றவர். 2019இல் உலகக் கோப்பையை ஏந்தியவர். உலகமே கொண்டாடியது, நானும் மகிழ்ந்தேன். ஆனாலும் அவர் வழியாகத் தெரியவருவது, ஸ்விடேயிலிருந்து நேரடிப் பாதை இல்லை என்பதே. உதவித்தொகை ஒரு பையனை இடம் மாற்றுகிறது. அவன் விட்டுவந்த பள்ளிக்குப் பந்தோ பயிற்சியாளரோ அதனால் கிடைப்பதில்லை. இருந்த ஒரே ஆட்டக்காரனும் போய்விடுகிறான்.

வேறு வழி உண்டா? நாம் வாழும் கேரளத்தின் பள்ளி விளையாட்டு விழா உபமாவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறுகிறது. எந்த அரசுப் பள்ளிப் பிள்ளையும் கீழ்ப்படியில் காலடி வைக்கலாம். இதுவும் குறையற்றதன்று. 2024 நவம்பரில் கொச்சி விழாவின் நிறைவு நாளில், திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியையும் பொதுப் பள்ளிகளையும் ஒரே புள்ளிப் பட்டியலில் எண்ணியதால் பூசல் மூண்டது. எதிர்த்த இரு பள்ளிகளுக்கு அடுத்த ஆண்டு விழாவில் பங்கேற்கத் தடை விதிக்கப்பட்டு, பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது. பெரியவர்களின் சச்சரவுக்குப் பிள்ளைகள் ஓடும் உரிமையைப் பணயம் வைக்கத் துணிந்தார்கள். பள்ளியின் பெருமையை எண்ணத் தொடங்கினால் பிள்ளை கணக்கிலிருந்து மறைந்துபோகிறான் என்பதற்கு நம் மாநிலமே சான்று. ஆயினும் கீழ்ப்படி எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்ற அடிப்படை இங்கே உண்டு. இலங்கை ரக்பியில் இல்லாதது அதுவே.

ஆகவே கோர வேண்டியவை தெளிவானவை. 14, 16 வயதுப் பிரிவுகளில் மாவட்ட, மாகாண அணிகளுக்கான தேர்வு எந்தப் பள்ளி மாணவருக்கும் திறந்திருக்க வேண்டும். தேசிய இளையோர் அணி பள்ளிகள் லீக்கிலிருந்து மட்டுமன்றி இவ்வணிகளிலிருந்தும் தெரிவு செய்யப்பட வேண்டும். மோதல் ஆட்டத்தில் கழுத்தும் தலையும் அடிபடும். பயிற்சியும் மருத்துவ உதவியும் இன்றிச் சிறுவர்களை இறக்கிவிடக் கூடாது. எனவே மலையகப் பள்ளிகளில் ‘தொடு ரக்பி’யும் எழுவர் ஆட்டமும் முதலில் வரட்டும். விதிநூலும் பயிற்சியாளர் பாடநெறியும் தமிழில் கிடைக்க வேண்டும். டாராவெல, ரதெல்லத் திடல்கள் வாரத்தில் சில மாலைகளேனும் சுற்றுப்புறத் தமிழ்ப் பள்ளிகளுக்குத் திறக்கப்பட வேண்டும். புதிய மைதானத்துக்குப் பணம் இல்லை என்ற விடைக்கு அங்கே இடமில்லை. மைதானம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அங்கேயே கிடக்கிறது.

இறுதியாக, நம் துறைக்கு ஒரு சொல். மலையக மக்களை நாம் நாட்டார் பாடலாகவும் ஒப்பாரியாகவும் வழக்குச்சொல் அட்டவணையாகவும் தொகுத்துவிட்டோம். கள ஆய்வுக்குப் போகும் நம் வினாநிரல்களில் தாலாட்டு உண்டு, தெய்வம் உண்டு, சோறு உண்டு. “உங்கள் பையன் மாலையில் என்ன ஆடுகிறான், எந்தத் திடலில் ஆடுகிறான், யார் அவனைத் தடுக்கிறார்கள்?” என்ற வினா பெரும்பாலும் இல்லை. துயரத்தின் சொற்களைச் சேகரிப்பவர்கள் உரிமையின் கணக்கையும் எடுக்க வேண்டும். என் வினாநிரலில் அந்த வினாவைச் சேர்த்துவிட்டேன். மலையகத்திலும் மூணாறு, வால்பாறை, நீலகிரித் தோட்டங்களிலும் களப்பணி செய்யும் நண்பர்கள் தங்கள் வினாநிரல்களிலும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் விடைகளைப் பள்ளி வாரியாக ஒன்றாகத் தொகுப்போம். தமிழ்ப் பையன்களுக்கு நாட்டமில்லை என்று இனி யாராவது சொன்னால், அந்தத் தொகுப்பை எடுத்து அவர்கள் முன் வைக்கலாம்.