வயசு வண்டிக்கா, இன்ஜினுக்கா?

கல்யாண வரம் கேட்டுத் திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோயிலுக்கு வருபவர்கள், கழுத்தில் மாலையோடு ஒன்பது சுற்று சுற்றுகிறார்கள். வரன் அமைந்தாலும் பத்துப் பொருத்தம் பார்க்காமல் விடுவோமா? ஆனால், அதே ஈ.சி.ஆரில் பளபளவென்று போகிற பழைய காரை வாங்கும்போது மட்டும் பெயின்ட்டைப் பார்த்தே மயங்கிவிடுகிறோம். "எந்த வருஷ வண்டி சார்?" என்று கேளுங்கள், டக்கென்று பதில் வரும். "இன்ஜின் எந்த வருஷம், எத்தனை சி.சி.?" என்று கேளுங்கள். முறைப்பார்.

முறைக்கட்டுமே! ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற வருஷம் வண்டியின் வருஷம். அதைத் தூக்கி இன்ஜின் தலையில் கட்டுவது பித்தலாட்டம்.

உதாரணம் தேடி லண்டன் போக வேண்டாம். திருவிடந்தையிலிருந்து கேளம்பாக்கம் வழியாக வண்டலூர் போனால், பக்கத்துப் பெருங்களத்தூரில்தான் ஸ்டாண்டர்டு கார் கம்பெனி இருந்தது. இன்று அங்கே ஐ.டி. கட்டடங்கள். 1985-ல் அவர்கள் 'ஸ்டாண்டர்டு 2000' காரைக் கொண்டுவந்தார்கள். உடம்பு, 1976-ல் இங்கிலாந்தில் வந்த ரோவர் எஸ்.டி.1. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பானெட்டைத் திறந்தால்? 1947-ல் அறிமுகமான ஸ்டாண்டர்டு வான்கார்டு காரின் இன்ஜின் வம்சம்! இதே வம்சம்தான் ஃபெர்குசன் டிராக்டரில் வயல் உழுதது. சொகுசுக் காருக்குள் ஒரு சம்சாரி. 1988-ல் தயாரிப்பு நின்றுபோனது.

சி.சி. விஷயம் இன்னும் வேடிக்கை. இந்த இன்ஜினில் சிலிண்டர் லைனரைத் தனியாகக் கழற்றி மாட்டலாம். ஸ்ட்ரோக் 92 மி.மீ. லைனர் 80 மி.மீ. என்றால் சுமார் 1,850 சி.சி. 83 என்றால் 1,991. ஸ்டாண்டர்டு 2000-ல் இருந்தது இதுதான். 85 என்றால் 2,088. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. பிளாக்கில் குத்திய நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுகிறார்களே, உள்ளே லைனர் மாறியது அந்த நம்பருக்கு எப்படித் தெரியும்?

அளந்தால்தான் தெரியும். பி.காம். படித்த எனக்கே புரிகிற கணக்கு. போர் என்கிற சிலிண்டர் விட்டத்தை அதே எண்ணால் பெருக்குங்கள். பிறகு 0.7854, ஸ்ட்ரோக், எத்தனை சிலிண்டர் என வரிசையாகப் பெருக்குங்கள். சென்டிமீட்டரில் அளந்தால் விடை நேராக சி.சி. இதற்கு ஹெட்டைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது பிஸ்டன் தலையில் 020, 040 என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ஆயிரத்தில் இருபது, நாற்பது அங்குலம் பெரிய பிஸ்டன் என்று அர்த்தம். அதாவது, ஏற்கெனவே கடைந்த இன்ஜின்.

"ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கட் செலவு சார்" என்பார் தரகர். லட்சக்கணக்கில் விலை சொல்கிறவர் ஒரு கேஸ்கட்டுக்கு அழலாமா?

டீசல் மலிவாக இருந்த காலத்தில் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜின் ஏற்றியவர்களை நான் திட்டவில்லை. அன்றைக்கு அது குடும்ப பட்ஜெட். அதை மறைத்து 'ஒரிஜினல்' என்று விற்கிறார்களே, அதற்குப் பேர் திருட்டு.

2021 ஜூலையில் மத்திய அரசு ஒரு விதி போட்டது. ஐம்பது வயசு தாண்டி, இன்ஜின் உட்படப் பெரிய மாற்றம் எதுவும் இல்லாத வண்டிக்குத்தான் 'வின்டேஜ்' பதிவு. நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். நல்ல விதிதான். ஆனால், பேப்பரை மட்டும் புரட்டிவிட்டு நம்பர் கொடுத்தால், அந்தக் கட்டணம் பொய்க்கு அடிக்கிற முத்திரைக் கூலி. சந்தேகம் வந்தால் சிலிண்டரை அளக்க ஒரு மெக்கானிக்கை அருகில் நிறுத்தட்டும்.

2035-ல் முதல் ஸ்டாண்டர்டு 2000-க்கு ஐம்பது வயசு. அதன் இன்ஜின் வம்சத்துக்கோ 1997-லேயே ஐம்பது முடிந்தாச்சு. அப்போது பதிவுக்கு வந்து நிற்கிற வண்டிகளில், எத்தனைக்குள் அந்த 83 மி.மீ. சிலிண்டர் இருக்கப்போகிறது? பானெட்டை மட்டும் திறந்து காட்டினால் விட்டுவிடாதீர்கள் ஐயா, ஹெட்டையும் கழற்றச் சொல்லுங்கள்.