சொன்னது 1,028 கலோரி, சாப்பிட்டது 2,081!

"குறைவாகத்தான் சாப்பிடுகிறேன். ஆனாலும் உடம்பு இளைக்கவில்லை!"

பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கணக்கு எங்கோ உதைக்கிறது. எங்கே?

அமெரிக்காவில், நியூயார்க் நகரில், சில டாக்டர்கள் இதை ஆராய்ந்தார்கள். முடிவு 1992-ம் ஆண்டு வெளியாயிற்று.

ஆராய்ச்சிக்கு வந்தவர்களில் 10 பேர் ஒரே குறையைச் சொன்னார்கள். எல்லோரும் பருமனானவர்கள். ஒரு நாளைக்கு 1,200 கலோரிக்குக் கீழேதான் சாப்பிடுகிறோம், எடை குறையவில்லை என்றார்கள். உடம்பின் வாகுதான் காரணம் என்பது அவர்கள் எண்ணம்.

டாக்டர்கள் அவர்களுக்கு ஒரு விசேஷத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். அதைக் குடித்தவர் உடம்பு எவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறது என்பதைச் சிறுநீரைச் சோதித்தே கண்டுபிடித்துவிடலாம். இரண்டு வாரம் சோதனை நடந்தது.

அந்த 10 பேரும் எழுதிக் கொடுத்த கணக்கு, சராசரியாக ஒரு நாளைக்கு 1,028 கலோரி. உண்மையில் சாப்பிட்டது 2,081 கலோரி! ஏறக்குறையப் பாதி, கணக்கிலேயே ஏறவில்லை.

உடம்பின் வாகில் குறை இல்லை. மற்றவர்கள் உடம்பைப் போலத்தான் வேலை செய்தது. நடந்த நடையையும் செய்த வேலையையும் மட்டும், இருந்ததைவிடப் பாதி மடங்கு கூட்டிச் சொல்லியிருந்தார்கள்.

கலோரி என்றால் என்ன?

துணியை மீட்டரால் அளக்கிறோம். பாலை லிட்டரால் அளக்கிறோம். சாப்பாடு உடம்புக்குக் கொடுக்கும் சக்தியைக் கலோரியால் அளக்கிறோம். அவ்வளவுதான்.

அரிசி, சர்க்கரை போன்றவற்றில் உள்ள மாவுச் சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி. பருப்பு, முட்டை, மீனில் உள்ள புரதமும் 4 கலோரி. கொழுப்பு 9 கலோரி. எண்ணெய் முழுக்க முழுக்கக் கொழுப்பு.

செலவழிப்பதைவிடக் குறைவாகச் சாப்பிட்டால் எடை குறையும். ஒரு கிலோ கொழுப்புக் கரைய, சுமார் 7,700 கலோரி குறைய வேண்டும். தினம் 500 கலோரி குறைத்தால், முதல் வாரங்களில் வாரத்துக்கு அரைக் கிலோ போல இறங்கும். உடம்பு இளைக்க இளைக்க, இறங்கும் வேகமும் குறையும்.

கணக்கு எளிது. அளவுதான் தப்புகிறது.

தமிழ்நாட்டு நிலை

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 100-க்கு 40 பேர் அளவுக்கு மேல் எடை உள்ளவர்கள். 2015-16-ல் இது 31 ஆக இருந்தது. ஆண்களில் 100-க்கு 37 பேர். சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் இந்த எடையின் பின்னாலேயே வருகின்றன.

பெண்கள் எண்ணிக்கை ஏன் கூடுதல்? காரணம் பல. அதில் ஒன்று அடுப்படியிலேயே இருக்கிறது. உப்புப் பார்க்க ஒரு வாய். குழந்தை மீதி வைத்த அரை இட்லியைக் கொட்ட மனம் வராமல் ஒரு வாய். இரவு மிஞ்சிய சோறு வீணாகக் கூடாதே என்று இன்னொரு வாய். இவை எதையும் அந்தத் தாய் "சாப்பாடு" என்று நினைப்பதில்லை. யாராவது கேட்டால் "இரண்டு வேளைதான் சாப்பிட்டேன்" என்பாள். அவள் வரையில் அது உண்மை. அதற்காக அவளைக் கேலி செய்வது நியாயம் அல்ல.

தோசையை எண்ணினார், எண்ணெயை எண்ணவில்லை

எடை குறைக்க விரும்புகிறவர் தோசையை எண்ணுகிறார். "நாலுதான்" என்கிறார். ஒவ்வொரு தோசைக்கும் இரண்டு சின்ன ஸ்பூன் எண்ணெய் ஊற்றியிருந்தால்? ஒரு சின்ன ஸ்பூன் எண்ணெய் 40 கலோரி. நாலு தோசைக்கு எண்ணெய் மட்டும் 320 கலோரி! தோசையும் சட்டினியும் தனி.

ஒரு ஸ்பூன் சர்க்கரை 20 கலோரி. மூன்று வேளை காபிக்கு இரண்டிரண்டு ஸ்பூன் போட்டால் 120 கலோரி. பால் தனி.

அரிசியில் வேறு தவறு நடக்கிறது. 100 கிராம் அரிசி சுமார் 350 கலோரி. 100 கிராம் சோறு 130 கலோரிதான். அரிசி தண்ணீரைக் குடித்து உப்பிவிடுகிறது அல்லவா? சோற்றை நிறுத்து அரிசிக் கணக்கில் எழுதினாலும் தப்பு. அரிசியை நிறுத்துச் சோற்றுக் கணக்கில் எழுதினாலும் தப்பு.

இப்போது செல்போன் வந்துவிட்டது. தட்டைப் படம் பிடித்தால் அதுவே கலோரி சொல்கிறது. வேடிக்கைதான்! ஆனால் பொரியலுக்குள் எத்தனை ஸ்பூன் எண்ணெய் இறங்கியது என்று படத்துக்கு எப்படித் தெரியும்?

டின் சொல்லும் கணக்கு

ஸ்பூன் ஸ்பூனாக அளக்கச் சிரமமா? வேறு வழி உண்டு. மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று பாருங்கள்.

ஒரு லிட்டர் எண்ணெயில் சுமார் 8,200 கலோரி. நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் செலவானால், தலைக்கு ஒரு நாளைக்கு 270 கலோரிக்குக் குறையாது. இதில் மறைக்க ஒன்றும் இல்லை. மளிகைக் கடைச் சீட்டே சாட்சி.

2025 பிப்ரவரியில் பிரதமர் மோடி ரேடியோவில் பேசும்போது, எண்ணெயை 10 சதவிகிதம் குறைக்கச் சொன்னார். மேலே சொன்ன வீட்டில் அப்படிக் குறைத்தால், தலைக்கு 27 கலோரிதான் மிச்சம். ஒரு ஸ்பூன் சர்க்கரையைவிடச் சற்று அதிகம். அதனால் மட்டும் தொந்தி கரைந்துவிடாது. ஆனால் குறைக்க வேண்டுமானால், எவ்வளவு வாங்குகிறோம் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டுமே! பல வீடுகளில் அதுவே தெரியாது.

குழம்பு, கூட்டுக்கும் வழி இருக்கிறது. காலிப் பாத்திரத்தை ஒரு தடவை நிறுத்து எழுதி வையுங்கள். பருப்பு, தேங்காய், எண்ணெய் ஆகியவற்றைப் போடுமுன் நிறுத்துக் கலோரியைக் கூட்டுங்கள். சமைத்த பிறகு பாத்திரத்தோடு நிறுத்து, பாத்திர எடையைக் கழியுங்கள். 1,000 கிராம் குழம்பில் 600 கலோரி என்றால், 200 கிராம் ஊற்றிக்கொண்டவருக்கு 120 கலோரி. சமையலறைத் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

வடை, அப்பளம் பொரித்தால், பொரிக்குமுன் எண்ணெயை நிறுங்கள். பிறகு மிச்சத்தை நிறுங்கள். குறைந்தது வயிற்றுக்குள் போயிற்று.

ஓட்டல் சாப்பாடு

10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ள ஓட்டல்கள், பண்டங்களின் கலோரியை விலைப் பட்டியலில் போட வேண்டும். 2022 ஜூலை 1 முதல் இது விதி. தெருமுனை மெஸ்ஸுக்கும் டீக்கடைக்கும் இந்த விதி வராது. அங்கே எண்ணெய் தாராளம் என்றே கணக்குப் போடுவது நல்லது.

நடைக்கு வருவோம். 70 கிலோ எடை உள்ளவர் அரை மணி நேரம் சுறுசுறுப்பாக நடந்தால் 150 கலோரி போலச் செலவாகும். நடந்து வந்த களைப்பில் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை சாப்பிட்டால், அது அப்படியே திரும்பி வந்துவிடும்! நடை இதயத்துக்கு நல்லது. ஆனால் அதைக் காட்டி இரண்டாவது தட்டு கேட்கக் கூடாது.

எடை பார்ப்பதிலும் அவசரம் வேண்டாம். நேற்று உப்பு அதிகம் சாப்பிட்டால், இன்று தண்ணீர் தங்கி ஒரு கிலோ கூடத் தெரியலாம். தினமும் காலையில் வெறும் வயிற்றில் பார்த்து எழுதி, ஏழு நாளைக் கூட்டி ஏழால் வகுங்கள். இந்த வாரச் சராசரியைப் போன வாரச் சராசரியோடு ஒத்துப் பாருங்கள். இரண்டு மூன்று வாரமாகியும் இறங்கவில்லை என்றால், ஏதோ ஒன்று எழுதப்படாமல் போகிறது என்று அர்த்தம்.

வளரும் குழந்தைகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு இந்தக் குறைப்பு வேலை ஆகாது. சர்க்கரை வியாதிக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள், டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைத்தால் மயக்கம் போட்டு விழ நேரிடும். எழுதாமல் விட்டது எதுவும் இல்லாதபோதும் எடை ஏறிக்கொண்டே போனால், தைராய்டு சோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.