புற்றுநோயும் பூர்வஜென்மமும்

வியாதி ஏன் வந்தது என்று கேட்டால், "அவன் செய்த பாவம்" என்பது பழைய பதில். நாலு எழுத்துப் படித்தவர்களை இப்போது கேட்டால், "எல்லாம் ஜீன்" என்கிறார்கள். பிரமன் மண்டையோட்டில் எழுதியதாகச் சொல்லப்பட்ட எழுத்தை இவர்கள் மரபணுவுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். எழுத்து இருக்கும் இடந்தான் மாறிற்றே தவிர, புத்தி மாறவில்லை. முந்தின பதிலைச் சொல்பவன் பாமரனென்றும் பிந்தினதைச் சொல்பவன் விஞ்ஞானம் தெரிந்தவனென்றும் மதிக்கப்படுவதால், இந்தப் புதுப் புரட்டைப் பற்றியே நாம் அதிகம் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

உண்மையில் புற்றுநோயின் மரபணுவைத் துருவிப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? ஒரு பள்ளி மாணவியின் சங்கதியையே எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்து எலானா சைமன் என்ற பெண்ணுக்கு 12-வது வயதில் ஈரலில் புற்றுநோய் கண்டது. குடித்துக் கெட்ட ஈரலில் வருகிற புற்றல்ல. வேறு ஈரல்நோயே இல்லாத வாலிபப் பிள்ளைகளுக்கு வரும் 'ஃபைப்ரோலமெல்லர்' என்னும் மிக அபூர்வமான வகை. ரணசிகிச்சை செய்து கட்டியை எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். நம்மவர்களாயிருந்தால் பிள்ளைக்கு மொட்டையடித்து, "வெளியே சொல்லாதே, நாளைக்குக் கலியாணமாகாது" என்று வாயையும் மூடியிருப்போம். அம்மாணவியோ, பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்புகளில் இருக்கும்போது, "அந்தக் கட்டிக்குள் என்னதான் கெட்டுப்போயிருந்தது?" என்று ஆராயக் கிளம்பிவிட்டார்.

அவருக்கு ரணசிகிச்சை செய்த வைத்தியரும் ஆராய்ச்சியில் சேர்ந்துகொண்டார். அபூர்வ வியாதியானபடியால் அதே வகைக் கட்டிகளைத் தேடிச் சேர்ப்பதே பெரும்பாடு. பிறகு கட்டியையும், அதே ஆளின் கட்டியில்லாத ஈரலையும் வைத்து மரபணு எழுத்துக்களை ஒத்துப் பார்த்தார்கள். மனிதனுக்கு அந்த எழுத்துக்கள் சுமார் 300 கோடி, கம்ப்யூட்டரில்லாமல் நடவாது. அந்த வேலையில் மாணவிக்குப் பழக்கமிருந்தது.

கண்டது இதுதான். 19-வது குரோமசோமில் சுமார் 4 லட்சம் எழுத்துக்கள் கொண்ட ஒரு துண்டு அறுந்துபோயிருந்தது. அறுந்த முனைகள் இரண்டும் ஒட்டிக்கொண்டதால், தள்ளியிருந்த இரு ஜீன்கள் ஒன்றாய்ச் சேர்ந்து, உடம்பில் இருக்கவேண்டாத ஒரு கலப்புப் புரதத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தன. பரிசோதித்த 15 கட்டிகளிலும் இந்தக் கலப்பு இருந்தது. பக்கத்து நல்ல ஈரலில் இல்லை. 2014 பிப்ரவரியில் 'சயின்ஸ்' பத்திரிகையில் இது பிரசுரமானபோது, எழுதியவர்களின் பெயர்களில் 18 வயதான அம்மாணவியின் பெயரும் இருந்தது.

தோழர்களே! "நல்ல ஈரலில் இல்லை" என்ற மூன்று வார்த்தைகளைக் கவனியுங்கள். தாய் தகப்பனிடமிருந்து வந்த கோளாறாயிருந்தால் உடம்பு முழுவதிலுமல்லவா இருக்கவேண்டும்? ஆகவே இது ஈரலுக்குள்ளேயே ஏதோ ஒரு செல்லில் பிற்பாடு நேர்ந்த வெட்டு. இதில் குலமெங்கே? கோத்திரமெங்கே? பெற்றவள் வயிற்றின் தோஷமெங்கே? சில புற்றுநோய்கள் குடும்ப வழியில் வருவது மெய்தான். மார்புப் புற்றுக்கு அப்படிப்பட்ட ஜீன் ஒன்று 17-வது குரோமசோமில் இருப்பதை மேரி-கிளேர் கிங் அம்மையார் 1990-ல் காட்டினார். ஆனால் மொத்தப் புற்றுநோயில் நூற்றுக்கு 5 முதல் 10 வரையே இந்த வகை. அதிலுங்கூட, ஜீனைத் தெரிந்துகொண்டவர் முன்கூட்டியே பரிசோதித்துத் தப்ப வழி தேடலாம். தலையெழுத்தை எந்த ஆஸ்பத்திரியில் பரிசோதிப்பது?

இன்னொன்று. 2017-ல் எலிகளின் ஈரலில் அதே இடத்தில் அதே வெட்டை உண்டாக்கிப் பார்த்தார்கள். எலிக்கும் கட்டி வளர்ந்தது. அந்த எலி போன ஜென்மத்தில் எந்தக் கோவில் நெல்லைத் தின்றது என்று பூர்வஜென்மக்காரர்கள் சொல்லட்டும்!

"அந்தப் பெண்ணின் தகப்பனார் ராக்பெல்லர் சர்வகலாசாலையில் ஆராய்ச்சிசாலை நடத்துபவர், வேலை நடந்ததும் அங்கேதான், மற்றப் பிள்ளைகளுக்கு இது கிடைக்குமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கிடைக்காதுதான். பிறப்பினால் அவருக்குக் கிடைத்தது வியாதியல்ல, ஆராய்ச்சிசாலையின் கதவு. அந்தக் கதவு யார் பெற்ற பிள்ளைக்குத் திறக்கிறது, யாருக்குச் சாத்தப்படுகிறது என்பதற்கு எந்த ஜீனும் ஜவாப்தாரியல்ல. பணமும் மனிதர்கள் செய்துவைத்த ஏற்பாடுமே ஜவாப்தாரி. மனிதர் செய்ததை மனிதர் மாற்றலாம்.

ஆனால் கதவைத் திறந்துவிட்டால் மட்டும் நம் பிள்ளைகள் கேள்வியோடு உள்ளே போவார்களா என்பதும் நமக்குச் சந்தேகமே. கடைசி வகுப்பில் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளை, போன வருஷத்து மாணவனின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதி, விடையை வைத்துக்கொண்டு 'சோதனை' செய்கிறான். அதில் கையெழுத்துப் போடுகிற உபாத்தியாயர், ஆயுதபூஜையன்று மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறார். அன்றைக்கு அதை யாரும் தொடக்கூடாதாம்!