தனியே ஆடும் போர்

விடுதி அறையில் பொம்மைச் சிப்பாய்களைப் பரப்பிக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பதைக் கண்டு நகைக்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். இது குழந்தை விளையாட்டென்றால், 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்று இதற்கொரு நூலே எழுதிய எச். ஜி. வெல்ஸும் குழந்தைதான். அவருக்காவது எதிரே உட்கார நண்பர்கள் இருந்தார்கள். எனக்கு எவரும் இல்லை. இரு படைக்கும் நானே தளபதி.

என் மேசைமேல் இருப்பது ஆரல்வாய்மொழி. ஊருக்குப் போகையில் ரயில் சன்னலில் காற்று வாங்கிக்கொண்டு நாம் கடக்கின்றோமே, அதே கணவாய். 1809 பிப்ரவரியில், இன்று தலைமைச் செயலகத்தின் முன் சிலையாக நிற்கும் தளவாய் வேலுத்தம்பியின் படை அங்கே அரண் காத்து நின்றது. எதிரே கர்னல் செயின்ட் லெஜரின் கும்பினிப் படை. மேஜர் வெல்ஷ் ஒரு பிரிவுடன் இரவோடிரவாகத் தென்குன்றில் ஏறினார். பத்தாம் தேதி அரண் வீழ்ந்தது.

தனியே ஆடுவதில் உள்ள சங்கடம் இங்கேதான். வெல்ஷ் எவ்வழி வருவார் என்பது எனக்குத் தெரியும். குன்றின்மேல் நிற்கும் காவலனுக்குத் தெரியக் கூடாது. முதல் மூன்று ஆட்டங்களிலும் என்னையறியாமலே தென்குன்றில் ஆளைக் கூட்டிவிட்டேன். வேலுத்தம்பி வென்றார். தலக்குளத்துக்காரர் வென்றாரே என்று எனக்குப் பூரிப்பு வேறு! பிறகுதான் வெட்கம் வந்தது. இப்பொழுது காவலன் விழித்திருக்கிறானா, உறங்குகிறானா என்பதைப் பகடையிடம் விட்டுவிட்டேன். பெரும்பாலும் தோற்கிறேன்.

மேனாட்டார் வகுத்த விதிகள் சிலவற்றில் செஞ்சட்டைக்காரன் அசையாதவன். நம்மவன் கூச்சலிட்டு ஓடுகிறவன். அந்த விதியை நான் அடித்துவிட்டேன். 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரை முறியடித்து, சிறைப்பட்ட டி லனாயைக் கொண்டே ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்றது திருவிதாங்கூர்ப் படை. அதன் வழிவந்தவர்களுக்குப் பகடையில் இரண்டு புள்ளி குறைப்பது எந்த நியாயம்?

ஆனால் ‘நம்மவன்’ என்று எழுதும்போதே கை தயங்குகிறது. குன்றேறிய கும்பினிப் படையிலும் சென்னைச் சிப்பாய்கள் இருந்தார்கள். செஞ்சட்டைப் பொம்மைகளுக்கெல்லாம் முதலில் வெள்ளை முகம் பூசியிருந்தேன். சென்ற வாரம் உட்கார்ந்து, அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு நம் நிறத்தையே பூசினேன். இப்பொழுது மேசையின் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் எதிரே தெரிந்த முகமாகவே இருக்கிறது.